உரச் சாக்கில் வந்த கணக்கு: சிறு கடைக்காரருக்கு ஆடிட்டர் வேண்டுமா?

2025 தை அமாவாசைக்கு மறுநாள் காலை, மன்னார்குடியில் என் அலுவலகத்துக்கு ஒருவர் யூரியாச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாக்குக்குள் மூன்று வருஷத்துக் கொள்முதல் பில்கள், பேங்க் பாஸ்புக், பூச்சிமருந்துக் கம்பெனிகள் அனுப்பிய கிரெடிட் நோட்டுகள், அப்புறம் தடித் தடியாக நான்கு கடன் நோட்டுகள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் உரம், பூச்சிமருந்து, விதை விற்கிற கடை அவருடையது. கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார்.

"தம்பி, தஞ்சாவூர் மொத்தக் கடையில எனக்கு பில்லு போட முடியாதுங்குறாங்க. என் ஜிஎஸ்டி நம்பரே கேன்சல் ஆயிட்டாம். ஒரு கடுதாசிகூட வரலை. என்னான்னு பாருங்க."

பார்த்தோம். பதிவை ரத்து செய்த உத்தரவின் தேதி 2024 நவம்பர் 14. ரத்தை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டம் கொடுக்கிற காலம் உத்தரவு கிடைத்ததிலிருந்து 90 நாள். பிப்ரவரி 12-உடன் அது முடிகிறது. அன்று ஜனவரி 30. கையில் 13 நாள்.

என்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது வணிகர்களின் சார்பில் ரிட்டர்ன் தாக்கல் செய்யப் பதிவு பெற்றவன். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இல்லை. "சின்னக் கடைதானே, எனக்கு எதுக்கு ஆடிட்டர்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். ஆமாம் வேண்டும் என்று சொன்னால் எனக்கு வருமானம், அதனால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடையின் கதையை விரிவாக எழுதினால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும் என்று தோன்றியது. கடைக்கார அண்ணனும் அவர் மனைவி அண்ணியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கை மாற்றவில்லை.

கடையும் கணக்கும்

2023-24 நிதியாண்டில் கடையின் விற்பனை 1 கோடியே 27 லட்சம். கேட்பவர்களுக்குப் பெரிய தொகையாகத் தெரியும். அதில் 85 லட்சம் உரம். டிஏபி மூட்டை 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு என்று விலை கட்டப்பட்ட சரக்கு அது. மூட்டைக்கு நிற்பது சில ரூபாய்தான். பூச்சிமருந்தும் நுண்ணூட்டமும் 37 லட்சம், விதை 5 லட்சம். வாடகை, இறக்குகூலி, ஒரு பையனுக்குச் சம்பளம், வட்டி எல்லாம் போக வீட்டுக்கு வருவது 5 லட்சத்துக்குள். கோடியில் விற்று லட்சத்தில் சம்பாதிக்கிற கடை. விற்பனையை மட்டும் பார்க்கிற சட்டத்துக்கு அவர் பெரிய ஆள். அடுப்படியில் அண்ணிக்குத் தெரியும், அவர்கள் எவ்வளவு சின்ன ஆட்கள் என்று.

கணக்கு எழுதத் தெரியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அண்ணி எழுதிய கடன் நோட்டைப் புரட்டியபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. ஊர்வாரியாகப் பிரித்து, ஆள்வாரியாகப் பக்கம் ஒதுக்கி, எந்த வயலுக்கு என்றுகூடக் குறித்து, தேதி, மூட்டை, பாக்கி எல்லாம் இருந்தன. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வராமலே போன பாக்கி தனி நோட்டில். ஒவ்வொரு சித்திரைக்கும் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டுப் புதுக் கணக்கு. யார் நமக்குத் தர வேண்டும் என்பது பைசா சுத்தமாக இருந்தது. நாம் யாருக்குத் தர வேண்டும், எவ்வளவு லாபம், எவ்வளவு வரி, இந்த மூன்றும் எங்கேயும் இல்லை. நாளேடு இல்லை. கொள்முதல் பில்கள் சாக்கில்.

ஜிஎஸ்டி வேலையைப் பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு பையனிடம் விட்டிருந்தார்கள். மாதம் 500 ரூபாய். நல்ல பையன்தான் என்று இருவரும் இன்றும் சொல்கிறார்கள். பதிவு செய்யும்போது போர்ட்டலில் கொடுத்த செல் நம்பரும் மின்னஞ்சலும் அவனுடையவை. ஓடிபி அவனுக்கே போகும், அவனே தாக்கல் செய்துவிடுவான். 2024 சித்திரை முடிந்ததும் அவனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. கிளம்பினான். செல் நம்பரும் அவனோடு போய்விட்டது.

எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வைத்து ரிட்டர்ன் போடுகிற எல்லோரையும் 'ஆடிட்டர்' என்றே கூப்பிடுகிறோம். இந்தப் பழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு மிராசுதார் வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார், ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார். 1980-இல் தமிழக அரசு கர்ணம் பதவியை ஒழித்தது. பரம்பரையாக ஒரே குடும்பத்தின் கையில் ஊர்க் கணக்கு இருந்தது சரியில்லை, ஒழித்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒன்று, கணக்குப்பிள்ளை என்றால் கணக்கைப் பார்க்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். எது எங்கே குறைகிறது என்று எஜமானிடம் சொல்வது அவர் வேலை. கம்ப்யூட்டர் பையன் கணக்கைப் பார்க்கவில்லை, கொடுத்த எண்ணைத் தட்டினான். அண்ணன் அவனை ஆடிட்டர் என்று கூப்பிட்டதால், பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

பதின்மூன்று நாள்

முதலில் செய்தது, சாக்கை ஓரமாக வைத்துவிட்டு வணிக வரி அலுவலகத்துக்குப் போனது. போர்ட்டலில் பதிவான செல் நம்பரும் மின்னஞ்சலும் கையை விட்டுப் போயிருந்தால், பான், ஆதார், கடை ஆவணங்களோடு நேரில் போனால் வட்டார அதிகாரி புது நம்பரையும் மின்னஞ்சலையும் பதிந்து தற்காலிகக் கடவுச்சொல் தருவார். அண்ணியின் நம்பரைக் கொடுத்தோம். அண்ணன் கடைக்கும் களத்துக்கும் அலைகிறவர். போனை எடுக்காத நேரம்தான் அதிகம்.

உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாமே அங்கே இருந்தது. அவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற திட்டத்தில் இருந்தார். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்களுக்கு 2021 ஜனவரி முதல் இருக்கிற வசதி அது. அந்தத் திட்டத்தில் தொடர்ந்து இரண்டு காலாண்டு தாக்கல் இல்லையென்றால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஜூன் காலாண்டும் இல்லை, செப்டம்பர் காலாண்டும் இல்லை. அக்டோபர் கடைசியில் நோட்டீஸ், பதில் சொல்ல ஏழு வேலை நாள், பதில் இல்லை, உத்தரவு. எல்லாம் போர்ட்டலிலேயே நடந்து முடிந்திருக்கிறது. கடுதாசி வரவில்லை என்று அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் போர்ட்டலில் போடுவதையும் மின்னஞ்சலில் அனுப்புவதையும் நோட்டீஸ் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. போர்ட்டலில் கிடந்த நோட்டீஸைப் பார்க்கவே இல்லை என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் வரை போன சிறு வணிகர்கள் நிறையப் பேர். அந்தச் செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பார்த்தால், மாதம் ஒரு தடவை போர்ட்டலைத் திறந்து நோட்டீஸ் பகுதியையும், அதற்குக் கீழே தனியாக இருக்கிற கூடுதல் நோட்டீஸ் பகுதியையும் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை!

பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டு, வரியும் ரொக்கமாகக் கட்டவேண்டிய பகுதிக்கு 18 சதவீத வட்டியும் கட்டினோம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஏறியிருந்தாலும், ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 என்று உச்சவரம்பு இருக்கிறது. வரியைக் கணக்கிட்டுக் கட்டுகிற 3பி ரிட்டர்ன் இரண்டுக்கும் சேர்த்து 4,000. பிப்ரவரி 7 அன்று விண்ணப்பம் போட்டோம். மூன்றாவது வாரத்தில் பதிவு திரும்ப உயிர் பெற்றது.

அபராதம் பெரிதில்லை. பெரிய இழப்பு வேறு. பதிவு இல்லாத அந்த வாரங்களில்தான் எங்கள் பக்கம் நெல்லுக்குப் பின் பருத்தி போடுகிற வேலை தொடங்கியிருந்தது. மொத்தக் கடைக்காரர் பில் போட மறுத்ததால் சரக்கு இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் திருத்துறைப்பூண்டிக்குப் போய் வாங்கினார்கள். ஒரு பட்டம் போனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு இழப்பை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை. நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து 2பி என்ற அறிக்கை போர்ட்டலில் தானாக உருவாகிறது. நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டி விற்பனை வரியில் கழித்துக்கொள்கிற வரி, எவ்வளவு என்று அதில் இருக்கும். 2022-23 முழுவதும் அந்தப் பையன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அண்ணன் போனில் சொன்ன பில்களை மட்டும் போட்டிருக்கிறான். சொல்ல மறந்த பில்களின் வரி 61,000 ரூபாய் அப்படியே நின்றது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க அடுத்த நவம்பர் 30 கடைசி நாள். 2023 நவம்பர் 30 போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பணம் திரும்ப வராது. "கட்டுன வரிதானே தம்பி, பில்லு கையில இருக்கே" என்று அண்ணி கேட்டார். ஆமாம் அண்ணி, இருக்கிறது. இருந்தும் வராது. மாதம் 500 கொடுத்த இடத்தில் வருஷத்துக்கு 61,000 போயிருக்கிறது.

ஐப்பசியில் போன மூட்டை, மாசியில் வந்த பில்

இந்தக் கடையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், டெல்டாவில் உரக்கடை, விதைக்கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் பொருந்தும்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் எங்கள் ஊரில் வருஷம் தொடங்கும். ஆடி ஆவணியில் சம்பாவுக்கு விதையும் அடியுரமும், புரட்டாசி ஐப்பசியில் மேலுரமும் மருந்தும், தையில் அறுப்பு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் பேங்கில் ஏறி, அது கடைக்கு வர மாசி ஆகும். சரக்கு போவதற்கும் காசு வருவதற்கும் நடுவே நான்கைந்து மாதம். இந்தக் கடன் இல்லாமல் சம்பா இல்லை. கொடுக்காத கடைக்காரருக்கு வாடிக்கையும் இல்லை.

அண்ணன் என்ன செய்தார் என்றால், பணம் வரும்போது பில் போட்டார். வராத காசுக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டுவதா என்ற எண்ணம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி சட்டப்படி சரக்கு கடையை விட்டுக் கிளம்பும் நாளில் பில் போட வேண்டும், வரியும் அந்தக் கணக்கிலேயே வரும். காசு வந்ததா என்று அது கேட்பதில்லை. அதோடு, மானிய உரத்தை, விற்பனையைப் பதிகிற பிஓஎஸ் மெஷினில் விவசாயியின் ஆதார் போன்ற அடையாளத்தைப் பதிந்துதான் விற்க முடியும். மெஷின் யூரியாவையும் டிஏபியையும் ஐப்பசியில் விற்றதாகக் காட்டுகிறது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் மாசியில் விற்றதாகச் சொல்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் கையில் இருக்கிற கணக்கு. என்றைக்காவது ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணனிடம் பதில் இருந்திருக்காது.

"அப்படின்னா கடன் கொடுத்த சரக்குக்கெல்லாம் முழு வரியையும் நான் கைய விட்டுக் கட்டணுமா?" இந்தப் பயத்தில்தான் அவர் ஏழு வருஷம் தப்பாகப் பில் போட்டிருக்கிறார். ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு டிஏபி மூட்டையை எழுதிக் காட்டினேன்.

மொத்தக் கடையில் வரியோடு சேர்த்து 1,300-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். உரத்துக்கு வரி 5 சதவீதம். 1,300-க்குள் சரக்கின் விலை 1,238.10, வரி 61.90. விற்பது 1,350. அதற்குள் விலை 1,285.71, வரி 64.29. வாங்கும்போது கட்டிய 61.90 கழிந்துவிடும். பையிலிருந்து போவது 2 ரூபாய் 38 காசு. பூச்சிமருந்துக்கு வரி 18 சதவீதம். வரி சேர்க்காமல் 1,000 ரூபாய் மருந்தை 1,120-க்கு விற்றால் விற்பனை வரி 201.60, கொள்முதலில் கட்டியது 180, கையிலிருந்து 21.60. அவ்வளவுதான். கொள்முதல் பில்லை ஒழுங்காகக் கணக்கில் கொண்டுவந்தால், கடன் விற்பனைக்கு முன்கூட்டியே கட்டவேண்டியது லாபத்தின் மேல் உள்ள வரி மட்டுமே. அண்ணன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் அண்ணியிடம் நீட்டினார். "ரெண்டு ரூவா முப்பத்தெட்டுக் காசுக்கா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆடிட்டர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த வெள்ளைத்தாள்தான் ஞாபகம் வருகிறது. அது பத்து நிமிஷ வேலை. ஏழு வருஷத்தில் அவருக்கு யாரும் செய்து காட்டவில்லை.

இதிலேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. நாம் மொத்தக் கடைக்காரருக்குப் பணம் தராமல் பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டினால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வட்டி போனது போனதுதான். 180 நாள் என்பது வேறு ஊர்களில் தாராளமான காலம். எங்களுக்கு அப்படி இல்லை. சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்துக்கு வயலில் மட்டுமே 155, 160 நாள். ஆடி நடுவில் வாங்கிய அடியுரத்துக்கு 180-ஆவது நாள் தை மாதத்திலேயே வந்துவிடும், விவசாயியின் பணம் வருவது மாசியில். பட்டத்தின் நீளமும் சட்டத்தின் நாளும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் செய்த ஏற்பாடு எளிது. மொத்தக் கடைக்கு நடுநடுவே கொடுக்கிற பணத்தை 'கணக்கில் வரவு' என்று மொத்தமாக விடாமல், மிகப் பழைய பில்லுக்கு என்று குறித்து ரசீது வாங்குவது. ஒவ்வொரு கொள்முதல் பில்லின் மேலும் 180-ஆவது நாளின் தேதியை அண்ணி சிவப்புப் பேனாவில் எழுதிவிடுகிறார்.

கஜா நோட்டில் இருந்த பாக்கிக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. வாடிக்கையாளர் பணம் தராமல் போனாலும் அந்த விற்பனைக்குக் கட்டிய ஜிஎஸ்டி இந்தியாவில் திரும்பக் கிடைக்காது. புயலில் தென்னை போனவனிடம் கேட்கவும் முடியாது. சட்டம் இந்த இடத்தில் டெல்டா கடைக்காரருக்கு அநியாயம் செய்கிறது என்றே நினைக்கிறேன்.

வருமான வரி: ஒரு வருஷம் வேண்டும், மறு வருஷம் வேண்டாம்

2023-24-க்கான வருமான வரிப் படிவத்தில் விற்பனை 38 லட்சம் என்று போட்டு, அதில் 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டியிருந்தார்கள். ஜிஎஸ்டியில் 1.27 கோடி. ஜிஎஸ்டி விற்பனை வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தானாகவே வந்து நிற்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. திருத்தியே ஆக வேண்டும்.

இங்கேதான் கணக்கு இல்லாததன் விலை தெரிந்தது. சிறு வணிகருக்குச் சட்டம் ஒரு குறுக்குவழி தருகிறது. 1961-ஆம் ஆண்டின் பழைய வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி பிரிவு. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் என்றால், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், பேங்க் அல்லது யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டு கட்டிவிடலாம், ஏடு வேண்டாம், தணிக்கை வேண்டாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி. அண்ணனுக்கு 1 கோடி ரொக்கம், 27 லட்சம் பேங்க் வழி. வருமானம் 9 லட்சத்து 62 ஆயிரம் என்று ஆகிறது. நிஜத்தில் 5 லட்சம்கூட இல்லை! அந்த நிஜ லாபத்தைக் காட்டுவதென்றால் முறையான ஏடுகளும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்டின் தணிக்கையும் வேண்டும், அதற்கான நாளும் போய்விட்டது. புதிய வரிமுறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்தது. நிஜ லாபத்தைக் காட்டியிருந்தால் வரியே இல்லை. ஏடு இல்லாததால் வரி 56,000-ஐத் தாண்டியது. அதற்கு மேல் வட்டி, தாமதமாகத் திருத்தியதற்கு 25 சதவீதம் கூடுதல். அந்த வருஷம் அவருக்கு நல்ல கணக்கர் ஒருவரும் தணிக்கையும் இருந்திருந்தால், கட்டணம் கொடுத்தது போகவும் மிஞ்சியிருக்கும்.

அடுத்ததைக் கேளுங்கள். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. முழுக்க ரொக்கத்திலேயே விற்றாலும் ஒன்றரைக் கோடியில் 8 சதவீதம் 12 லட்சம். முழுக்க யுபிஐ என்றால் 2 கோடியில் 6 சதவீதம் அதே 12 லட்சம். வேறு பெரிய வருமானம் இல்லாத தனி வணிகருக்கு இந்த அளவு வரை குறுக்குவழியில் போனாலே வருமான வரி இல்லை. அதற்கு முந்தைய வருஷம் தணிக்கை லாபம், 2025-26-இல் அதே தணிக்கை வெட்டிச் செலவு. கடை அதே கடை. ஒரு பட்ஜெட்டில் பதில் தலைகீழாகிவிட்டது. ஆகவே 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால், எந்த வருஷத்துக்கு, எந்தக் கடைக்கு என்று திருப்பிக் கேளுங்கள். நிலம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் மற்ற வருமானத்தின் வரியைக் கணக்கிடும்போது அதையும் சேர்ப்பார்கள். மறைக்காமல் காட்டிவிடுவது நல்லது.

மச்சான் சொன்ன யோசனை

மார்ச் மாதம் அண்ணனின் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "காம்போசிஷன்ல போயிடுங்க மாமா, கணக்கே வேணாம். ஒரு பர்சென்ட் கட்டுனா முடிஞ்சுது." காம்போசிஷன் என்பது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற ஜிஎஸ்டி திட்டம். விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் என்பதால் தகுதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன், காலாண்டுக்கு ஒரு சலான், வேலை குறைவு. மார்ச் 31-க்குள் சொல்ல வேண்டும்.

அதே வெள்ளைத்தாளை எடுத்தோம். காம்போசிஷனில் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, உள்ளீட்டு வரியும் கிடையாது. அதே டிஏபி மூட்டையை 1,300-க்கு வாங்கி 1,350-க்கு விற்றால் கிடைக்கும் 50 ரூபாயில், விற்பனையின் ஒரு சதவீதமான 13.50 போய் 36.50 நிற்கும். வழக்கமான முறையில் 47.62. மூட்டைக்கு 11 ரூபாய் நஷ்டம். பூச்சிமருந்தில் மட்டும் நிலைமை வேறு. வழக்கமான முறையில் 120 நிற்கிற இடத்தில் காம்போசிஷனில் 128 நிற்கும். லாபம் அதிகமாகவும் வரி அதிகமாகவும் உள்ள சரக்குக்குக் காம்போசிஷன் நல்லது, லாபம் மெலிந்த உரத்துக்கு ஆகாது. இரண்டையும் ஒரே பான் எண்ணில் பிரித்து வைக்க வழி இல்லை. மொத்தமாகப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 45,000 ரூபாய் குறையும். மச்சான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வைத்திருப்பது பாத்திரக் கடை, அவருக்கு அது ஒத்துவருகிறது.

யாருக்கு வேண்டும்

சட்டம் கட்டாயப்படுத்துவது எது என்று பார்த்தால் பட்டியல் சின்னது. தனி வணிகர் தன் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் வருமான வரிப் படிவத்தையும் தானே, காசில்லாமல், போர்ட்டலில் போடலாம். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கையெழுத்து அவசியமாவது தணிக்கை வரும்போதுதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அப்படி இல்லை. ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆடிட்டரை நியமித்தே ஆக வேண்டும். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு வார்த்தை அழகாக இருக்கிறது என்பதற்காகக் கம்பெனி தொடங்கிய இளைஞர்கள் வருஷா வருஷம் அந்தச் செலவைச் சுமப்பதைப் பார்க்கிறேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவின் வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள். ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். அவரிடம் நான் காசு வாங்கினால் அது பாவம். ஒரு நோட்டும் யுபிஐ வரவுக்குத் தனி பேங்க் கணக்கும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். கதிர் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர் விவசாயிக்குச் செய்யும் அறுவடை வேலைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் வாடகை விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் வரும். 'வயலில் ஓடுகிற வண்டிதானே' என்று அதை விட்டுவிடுகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும். நெல் தரகருக்கு அந்த 8 சதவீதக் குறுக்குவழியே கிடையாது, கமிஷன் வருமானத்துக்கு அது பொருந்தாது. அவர் விற்பனை சின்னதாகத் தெரிந்தாலும் கணக்கர் அவசியம்.

அண்ணனுக்கு என்ன செய்தோம் என்றால், வேலையைப் பிரித்தோம். தினசரி எழுதுவது அண்ணியின் வேலை. அதை எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று மன்னார்குடியில் இருக்கிற எனக்குத் தெரியாது, அந்த அளவு சுத்தமாக எழுதவும் என்னால் முடியாது. கடன் நோட்டோடு ஒரு நாளேடும் கொள்முதலுக்கு ஒரு கோப்பும் சேர்ந்தன. டேலி என்கிற கணக்கு மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலாண்டுக்கு ஒரு தடவை நான் 2பி-யோடு பில்களை ஒப்பிட்டு ரிட்டர்ன் போடுகிறேன், 3,000 ரூபாய். கம்பெனிகள் வருஷக் கடைசியில் தருகிற தள்ளுபடி கிரெடிட் நோட்டுகளில் வரியும் இருந்தால், நாம் எடுத்த உள்ளீட்டு வரியில் அதைக் குறைக்க வேண்டும். இதை அவர்கள் ஏழு வருஷமும் செய்யவில்லை, இப்போது அதற்கும் ஒரு கோப்பு. என்னைப் போர்ட்டலில் பிராக்டிஷனராக அவர்களே சேர்த்திருக்கிறார்கள், வேண்டாம் என்றால் அவர்களே நீக்கிவிடலாம். கடவுச்சொல் என்னிடம் இல்லை. ஓடிபி அண்ணிக்கு வரும். என்ன தாக்கல் ஆகிறது என்று கேட்காமல் அவர் சொல்வதில்லை.

2025 நவம்பர் கடைசி வாரம். முந்தைய ஆண்டுக் கணக்கில் விடுபட்டதை எடுக்க நான்கைந்து நாள்தான் பாக்கி. என் மேஜையில் இருபது கடைகளின் கோப்புகள் குவிந்திருந்தன, இவர்களுடையது அடியில். அண்ணியிடமிருந்து போன்.

"தம்பி, போன வருஷத்து 2பி-ய என் கோப்போட ஒத்துப் பாத்தேன். தஞ்சாவூர் பில்லு ரெண்டு வரலை. மாசி பதினாலாந் தேதியிது ஒண்ணு, பங்குனியிது ஒண்ணு. ரெண்டும் சேத்து வரி பதினோராயிரத்துச் சொச்சம். நானே போன் பண்ணி அவங்க ஆடிட்டர்கிட்ட பேசிட்டேன். ஏத்தாம வுட்டுட்டோம், இந்த மாசமே ஏத்திடுறோம்னாரு. எனக்கு ஒண்ணுதான் புரியல. இப்ப ஏத்துனா முப்பதாந் தேதிக்குள்ள நமக்கு எப்படித் தெரியும்?"

நான் பேனாவை வைத்துவிட்டு, அடியில் இருந்த கோப்பை எடுத்தேன்.